பச்சிளம் இதயத்தில் ஒரு கட்டி

1862-ஆம் ஆண்டு பெர்லின் நகரிலே பிறந்த குழந்தையொன்று சில மூச்சுகள் மட்டும் விட்டு மறைந்தது. அதன் உடலை ஆராய்ந்த ரெக்லிங்கௌசன் என்னும் மருத்துவ அறிஞர், இதயத் தசையில் கட்டிகள் இருக்கக் கண்டார். ராப்டோமயோமா எனப்படும் இத்தசைக் கட்டியே குழந்தைகளின் இதயத்தில் தோன்றும் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவதாகும். இது புற்றுநோய் அன்று; பிற உறுப்புகளுக்குப் பரவுவதுமில்லை. எனினும் சிசுவின் இதயம் மிகச் சிறியது. அதனுள் வளரும் சிறு கட்டியும் இரத்தம் செல்லும் வழியை அடைக்கலாம். துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம்.

நெடுங்காலம் வைத்தியர்களால் இதற்கு ஏதும் செய்ய இயலவில்லை. 1936-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கிளாட் பெக், இதயத்தின் வெளிப்புறத்தில் இருந்த கட்டி ஒன்றை அகற்றினார். உட்புறமோ எட்டாததாகவே இருந்தது. 1953-இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சிறிது நேரம் தானே ஏற்கும் இயந்திரத்தின் துணையால் ஓர் இளம்பெண்ணின் இதயக் குறையைச் சீர்செய்தார். மறு ஆண்டிலேயே ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராபோர்ட், அத்தகைய இயந்திரத்தைக் கொண்டு ஒரு பெண்ணின் இதய அறைக்குள் இருந்த கட்டியை எடுத்து வெற்றி கண்டார். காலப்போக்கில் இக்கலை கைக்குழந்தைகளுக்கும் பயன்படலாயிற்று.

இதயத்தைத் திறக்கும் ஆற்றல் கிட்டியபின், எந்தக் கட்டியை அறுப்பது என்னும் வினா எழுந்தது. அதற்கு விடை காண ஒலியலைகள் உதவின. 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்சும், உலோகத்தின் குறைகளைக் காணப் பயன்பட்ட கருவியை இரவல் பெற்று, அதனால் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். அம்முறை வளர்ந்து, தாயின் கருவில் உள்ள சிசுவின் இதயத்தையும் காட்டலாயிற்று. ஒரே குழந்தையைப் பலமுறை பார்த்து வந்தபோது வியப்பான உண்மை தெரிந்தது: தசைக் கட்டிகளுட் பெரும்பாலானவை வயது ஏற ஏறத் தாமே சுருங்கின!

எனவே இக்கட்டி வழியை அடைத்தாலோ, மருந்துக்கு அடங்காத துடிப்புக் கோளாறு தந்தாலோ மட்டுமே சத்திர சிகிச்சை செய்கின்றனர். அப்போதும் முழுவதையும் அறுக்க வேண்டுவதில்லை. வழிவிடும் அளவு அகற்றினால் போதும். நார்க் கட்டியின் இயல்பு வேறு. அது தானே மறைவதில்லை; ஆதலால் பெரும்பாலும் கத்தி தேவைப்படுகிறது. தசைக் கட்டியுள்ள குழந்தைகள் பலருக்கு மூளையிலும் தோலிலும் மாற்றங்கள் காணப்படுவதால், அவற்றையும் ஆராய்தல் வேண்டும்.

இவ்வறிவு நகரத்தார்க்கு மட்டும் உரியதன்று. புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் கரையிலே உள்ள ஆலங்குடாவில் பிறக்கும் குழந்தைக்கும் அது பயன்பட வேண்டும். சிறுவர்க்கான இதய சத்திர சிகிச்சைப் பிரிவு கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலையில் உண்டு. ஆனால் கடலோர ஊரிலிருந்து தலைநகர் செல்வது நீண்ட பயணம். பால் குடிக்கையில் வியர்த்து மூச்சுவாங்குதல், உதடு நீலம் பாய்தல், மயங்குதல் ஆகிய குறிகளைக் கண்டால் நாள் கடத்தாது வைத்தியரிடம் செல்லல் வேண்டும். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் நம்பிக்கை இழத்தலும் ஆகாது. காத்திருக்கச் சொல்லும் வைத்தியர் கைவிட்டவர் அல்லர். அவர் குறிக்கும் நாளில் தவறாது மீண்டும் சென்று காட்டுவதே அக்குழந்தைக்குச் செய்யும் சிகிச்சையாகும்.