ஒரே வயிற்றுப் பிள்ளைகளா?

மே மாதத்தில் இரவு பத்து மணி சுமாருக்கு, தெருவிளக்கு இல்லாத ஊர் எதற்காவது போய்த் தெற்கே பாருங்கள். பிய்த்துப் போட்ட பஞ்சு மாதிரி மங்கலாக ஒன்று தெரியும். பெயர் ஒமேகா சென்டாரி.

1603-ல் இதை நட்சத்திரம் என்று நினைத்துத்தான் ஜெர்மானியர் யோஹான் பேயர் கிரேக்க எழுத்து கொடுத்தார். வால்நட்சத்திரப் புகழ் ஹாலி 1677-ல் செயின்ட் ஹெலெனா தீவிலிருந்து பார்த்துவிட்டு, 'இது நட்சத்திரமே இல்லை' என்றார். உண்மையில் அது சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாக நெருக்கியடித்து நிற்கும் கூட்டம்.

இப்படிப்பட்ட உருண்டைக் கொத்துகள் நம் பால்வீதியில் நூற்றைம்பதுக்கும் மேல். எல்லாமே கிழடுகள், பலவற்றுக்கு 1,200 கோடி வயசு. ஒரு கொத்தின் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே மேகத்தில், ஒரே சமயத்தில் பிறந்தவை என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. ஒரே வயிற்றுப் பிள்ளைகள், எடை மட்டும் வேறு. நட்சத்திரம் எப்படி வளர்கிறது, மூப்படைகிறது என்ற கணக்கையெல்லாம் இந்த நம்பிக்கையில் வைத்துத்தான் சரிபார்த்தார்கள்.

ஒமேகா சென்டாரி மட்டும் 1960-களிலேயே முரண்டு பிடித்தது. சரி, எந்தக் குடும்பத்திலும் அடங்காத பிள்ளை ஒன்று இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

2004-ல் வெடித்தது குண்டு. நட்சத்திரங்களின் நிறத்தையும் பிரகாசத்தையும் வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஒரே கோடு வர வேண்டும். ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களில் இரண்டு கோடுகள்! மறு வருஷம் இத்தாலியர் பியோட்டோவின் குழு சிலி நாட்டுப் பெரிய தொலைநோக்கியால் சோதித்தது. இரும்பு போன்ற கனமான தனிமங்கள் கூடினால் நட்சத்திரம் சிவக்க வேண்டும். இங்கே கூடியிருந்தது நீலக் கோட்டில்! ஹீலியம் எக்கச்சக்கமாக இருந்தால்தான் இது சாத்தியம். பிரபஞ்சம் பிறந்தபோது இருந்த ஹீலியம் சுமார் 25 சதவிகிதம். இவற்றிலோ 40-ஐ நெருங்குகிறது.

2007-ல் என்.ஜி.சி. 2808 என்ற கொத்தில் மூன்று கோடுகள். அப்புறம் தேடிய இடமெல்லாம் இதே கதை, பழைய கொத்து அநேகமாக எதுவுமே தப்பவில்லை.

அந்த ஹீலியம் எங்கிருந்து வந்தது? முதலில் பிறந்த அண்ணன்மார் எரித்துக் கக்கிய சாம்பலிலிருந்து தம்பிகள் உருவாயின என்பது பிரபலமான பதில். எந்த அண்ணன்? மூப்படைந்த நடுத்தர நட்சத்திரங்கள் என்கிறது ஒரு கட்சி. பம்பரமாய்ச் சுழலும் ராட்சதர்கள் என்கிறது இன்னொன்று. சூரியனைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு எடையுள்ள பூதம் ஒன்று என்பார்களும் உண்டு.

எல்லாமே ஒரு கூட்டல் கணக்கில் இடறுகின்றன. பெரும்பாலான கொத்துகளில் தம்பிகள்தான் மெஜாரிட்டி. ஒரு நட்சத்திரம் கக்குவது அதன் எடையில் ஒரு பகுதிதான். இத்தனை தம்பிகளுக்கு அந்தச் சாம்பல் எப்படிப் போதும்? 'அண்ணன்மார் முதலில் பல மடங்கு இருந்தார்கள், கொத்தை விட்டு ஓடிவிட்டார்கள்' என்று சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு இது கொஞ்சம் சௌகரியமான பதிலாகத்தான் படுகிறது.

ஒமேகா சென்டாரி கொத்தே அல்ல, பால்வீதி விழுங்கிய குட்டி கேலக்ஸி ஒன்றின் மிச்சம் என்று பலர் கருதுகிறார்கள். 2024-ல் அதன் நடுவே சூரியனைப் போல் 8,200 மடங்காவது எடையுள்ள கருந்துளைக்குத் தடயம் கிடைத்தது அவர்களுக்குத் தெம்பு. ஆனால் மற்ற கொத்துகளின் தம்பிகளுக்கு அது பதில் இல்லை.