ஆங்கில மோடல் வினைகள்: ஒரு வகுப்பு உருவான வரலாறு

கேன், மே, ஷல், வில், மஸ்ட் முதலிய ஆங்கிலத் துணைவினைகளைப் பாடநூல்கள் ‘மோடல்’ என்ற ஒரே வகுப்பில் அடக்கி, அவற்றுக்கு நான்கு விலக்குகளைச் சொல்கின்றன. படர்க்கை ஒருமையில் எஸ் சேராது. அடுத்து வரும் வினைக்கு முன் டு வராது. இவை செயப்படுபொருள் ஏற்கா. இவற்றிலிருந்து எச்ச வடிவங்கள் பிறக்கா. நான்கும் ஒரே திட்டத்தின் பகுதிகள்போலத் தோன்றுவதால், காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்வதே வழக்கமாகிவிட்டது. ஆனால் இவை வெவ்வேறு காலங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத காரணங்களால் நேர்ந்தவை. தன்மைகள் முதலில் வந்தன, வகுப்பு பின்னரே உருவானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எஸ் சேராமைதான் இவற்றுள் மிகப் பழையது. ஜெர்மானிய மொழிகளில் சில வினைகளின் இறந்தகால வடிவம் நிகழ்காலப் பொருளுக்கு நகர்ந்தது. ‘கற்றுக்கொண்டேன்’ என்பது ‘அறிவேன்’ என்றாகும் வகை மாற்றம் இது. அந்த இறந்தகாலத்தின் படர்க்கை ஒருமைக்கு விகுதி இல்லாததால், பொருள் மாறியபின்னும் கேன், மே, ஷல் ஆகியவை விகுதியின்றியே நின்றன. வில் இந்தக் கூட்டத்தில் பிறந்ததன்று. விருப்பத்தைச் சொல்லும் வேறொரு வடிவத்திலிருந்து வந்து, பிற்காலத்தில் இவற்றோடு சேர்ந்தது. டு வராமைக்கோ முற்றிலும் வேறு காரணம். பழைய ஆங்கிலம் வினையெச்சத்தை விகுதியால் காட்டியது. அவ்விகுதி தேய்ந்து, மற்ற வினைகளை அடுத்து டு பரவியபோது, அன்றாடப் பேச்சில் ஊறிப்போன இந்தச் சில வினைகள் மட்டும் பழைய அமைப்பையே வைத்துக்கொண்டன. செயப்படுபொருளை இழந்தது இன்னும் பிந்தியது. கேன் ஒரு காலத்தில் ‘அறிதல்’ என்ற முழுவினை, ஷல் ‘கடன்படுதல்’. 14ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதும்போதும் ஷல் அந்தக் கடன் பொருளில் செயப்படுபொருளுடன் வரக் காண்கிறோம்.

இதற்கு வலுவான மறுப்பு மொழியியலாளர் டேவிட் லைட்ஃபுட் 1979இல் முன்வைத்த கோட்பாடு. சிறு சிறு மாற்றங்கள் குவிந்து, 16ஆம் நூற்றாண்டில் இவ்வினைகள் ஒரேயடியாகப் புதிய இலக்கண வகையாக மாறின என்றார் அவர். தாமஸ் மோரின் உரைநடையில் இவற்றின் எச்ச வடிவங்கள் இன்னும் தென்படுவதும், மோருக்குப்பின் அவை மறைவதும் லைட்ஃபுட் காட்டிய சான்று. மறைந்தது உண்மை. ஆனால் எல்லாம் ஒரே வேளையில் மறையவில்லை. ஷல், மஸ்ட் ஆகியவற்றின் முன்னோடிகளுக்குப் பழைய ஆங்கில நூல்களிலேயே எச்ச வடிவங்கள் அநேகமாகக் கிடைப்பதில்லை. கேன் செயப்படுபொருள் ஏற்பதோ மோருக்குப் பின்னும் தொடர்ந்தது. ஃபிரான்ஸ் பிளாங்க் 1984இலும் ஆந்தனி வார்னர் 1993இலும் இத்தகைய ஏற்றத்தாழ்வுகளையே எடுத்துக்காட்டினர். மாற்றம் எல்லா வட்டாரங்களிலும் ஒரேபோல் முற்றுப்பெறவும் இல்லை: ஸ்காட்லாந்திலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் ஒரே வாக்கியத்தில் இரண்டு மோடல்களை அடுக்கிப் பேசும் வட்டாரவழக்கு இன்றும் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு மாற்றத்தை விரைவுபடுத்தியது எனலாம். அதுவே மாற்றம் முழுவதும் அன்று.

படிப்படியாகச் சேர்ந்த இத்தன்மைகளைப் பேசுவோர் ஒரு வகுப்பின் அடையாளமாக உணர்ந்ததற்கும் தடயங்கள் உண்டு. வுட், ஷுட் ஆகியவற்றின் எழுத்துக்கூட்டலில் உள்ள எல் என்ற எழுத்து வில், ஷல் என்ற மூலங்களிலிருந்து வந்தது. குட் என்பதற்கு அப்படியொரு மூலம் இல்லை. மற்ற இரண்டையும் பார்த்து எழுதுவோர் பின்னர் சேர்த்ததே அந்த எல். நீட் சாதாரண வினையாக இருந்து, எதிர்மறையிலும் வினாவிலும் எஸ்ஸையும் டுவையும் உதறி இக்கூட்டத்துக்குள் வந்தது. கூட்டம் என்ற உணர்வு இல்லாத இடத்தில் வெளியாள் நுழைய முடியாது.

பிறப்பை அறிவதால் இன்றைய பயன்பாடு விளங்கிவிடுமா என்று கேட்கலாம். ஒரு சொல்லின் பழம்பொருள் இன்றைய பொருளைக் கட்டுப்படுத்தாது என்பது சரியே. ஆனால் எந்த விதி வழக்கில் விளைந்தது, எது ஏட்டில் எழுதப்பட்டது என்று பிரித்தறிய வரலாறு வேண்டும். தன்மையில் ஷல்லும் முன்னிலை, படர்க்கையில் வில்லும் வெறும் எதிர்காலத்தைக் குறிக்கும், இடம் மாறினால் உறுதியையோ அச்சுறுத்தலையோ குறிக்கும் என்ற விதி, கணிதவியலாளர் ஜான் வாலிஸ் 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தால் நிலைபெற்றது. பிந்தைய இலக்கணிகள் அதை விரித்தனர். நாடகங்களின் உரையாடல்களை ஆராய்ந்த சார்லஸ் ஃப்ரீஸ், தன்மையிலும் வில்லே மிகுந்து வருவதை 1925இல் காட்டினார். நூற்றாண்டுகளாகக் கற்பிக்கப்பட்ட விதிக்கு வழக்கின் ஆதரவு அவ்வளவு மெலிந்திருந்தது.

ஷல் எதைக் குறிக்கிறது என்ற கேள்விக்குச் சட்டமொழியில் நடைமுறை எடை உண்டு. இந்திய அரசமைப்பின் ஆங்கில வாசகம் கடமையைச் சொல்ல ஷல்லையே நம்புகிறது. எனினும் பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பது பற்றிய 320(3) பிரிவில் வரும் ஷல் கட்டாயத்தைக் குறிக்காது, நெறிகாட்டுவதே என்று உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்பு எளிய நடையை நாடி, கடமைக்கு மஸ்ட்டைத் தேர்ந்தது. அந்த மஸ்ட்டும் ‘அனுமதி பெற்றிருத்தல்’ என்ற வினையின் இறந்தகால வடிவம்தான். நிகழ்காலத்துக்கு நகர்ந்ததால் இன்று அதற்கெனத் தனி இறந்தகாலம் இல்லை.

நகர்வு இன்னும் ஓயவில்லை. 1961ஆம் ஆண்டின் எழுத்தாங்கிலத் தொகுப்புகளை 1990களின் தொடக்கத்துத் தொகுப்புகளோடு ஒப்பிட்ட ஜெஃப்ரி லீச், மோடல்களின் பயன்பாடு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார். ஷல், மஸ்ட், மே ஆகியவை கூடுதலாகச் சரிந்தன. ஹேவ் டு, நீட் டு போன்ற தொடர்கள் வளர்ந்தன. ஆகவே மோடல்களின் விலக்குப் பட்டியலை மாறாத வரையறையாகக் கற்பிப்பது, நடந்துகொண்டிருக்கும் மாற்றத்தின் ஒரு கட்டத்தை முடிவாகக் கொள்வதாகும். ஒவ்வொரு விலக்கையும் அதன் காரணத்தோடும், ஒவ்வொரு வினையையும் அது இன்று எந்தச் சூழலில் உயிரோடிருக்கிறது என்பதோடும் சேர்த்துக் கற்பிப்பதே சான்றுகளுக்குப் பொருந்தும் முறை.