மின்னோட்டக் கடத்தியின் மீதான காந்தவிசை

காந்தப்புலத்தில் உள்ள கடத்தியில் மின்னோட்டம் பாயும்போது அதன்மேல் செயல்படும் விசை. புலச்செறிவு, மின்னோட்டம், புலத்துக்குள் உள்ள கடத்தியின் நீளம் ஆகியவற்றுக்கு ஏற்ப இது கூடும். கடத்தி புலத்துக்குச் செங்குத்தாக இருந்தால் பெருமமாகவும், இணையாக இருந்தால் சுழியாகவும் அமையும். திசையை ஃபிளெமிங்கின் இடக்கை விதியால் அறியலாம்.

கண்டறிதல்: மின்னோட்டம் திசைகாட்டி முள்ளைத் திருப்புவதை 1820இல் ஓர்ஸ்டெட் அறிவித்தார். மின்னோட்டம் பாயும் கம்பிகள் ஒன்றையொன்று ஈர்ப்பதையும் விலக்குவதையும் அதே ஆண்டில் ஆம்பியர் காட்டினார். 1821 செப்டம்பரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசம் நிரப்பி, நடுவே காந்தத்தை நிமிர்த்தி நிறுத்தினார். மேலிருந்து தளர்வாகத் தொங்கிய கம்பியின் நுனி பாதரசத்தில் தோய்ந்திருந்தது. மின்கலத்தை இணைத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றி வட்டமிடத் தொடங்கியது. இணைப்பை மாற்றினால் எதிர்த்திசையில் சுற்றியது. வொல்லாஸ்டன் முன்னரே இத்துறையில் முயன்றிருந்ததால், அவர் பெயரைச் சொல்லாமல் ஃபாரடே வெளியிட்டது சர்ச்சையானது. வொல்லாஸ்டன் எதிர்பார்த்தது கம்பி தன் அச்சிலேயே சுழல்வதை என்பதால், கண்டுபிடிப்பு ஃபாரடேயுடையதே என்பர் பலர்.

இவ்விசையால் சுழலும் தூண்டல் மோட்டார் பற்றி ஃபெராரிஸ், டெஸ்லா இருவரும் 1888இல் தனித்தனியே வெளியிட்டனர்; முதன்மை யாருக்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

தமிழ்நாட்டில்: பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபின் கோவையில் மோட்டார்த் தொழில் வளர்ந்தது. இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937இல் அங்கு ஜி. டி. நாயுடுவின் முயற்சியில் உருவானது என்று கூறப்படுகிறது; டி. பாலசுந்தரத்தின் பங்கும் குறிப்பிடப்படுகிறது. நீர் இறைக்கக் கவலையும் ஏற்றமும் இருந்த கிணற்று மேட்டில் பம்புசெட்டு வந்தது. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மூவர் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். பின்னர் பாசனத்துக்கான மின்சாரம் இலவசமாக்கப்பட்டது.

வடக்கனந்தல்: கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையை ஒட்டிய இப்பகுதியில் கரும்பும் நெல்லும் விளைகின்றன. கால்வாய்த் தண்ணீர் எட்டாத நிலங்களுக்குக் கிணறும் போர்வெல்லுமே ஆதாரம். அங்குள்ள பம்புசெட்டுகளை இயக்கும் தூண்டல் மோட்டாரில் சுழலும் பகுதிக்கு வெளியிலிருந்து கம்பி இணைப்பு இல்லை. அதிலுள்ள உலோகச் சட்டங்களில் தூண்டப்படும் மின்னோட்டத்தின் மீதே காந்தவிசை செயல்படுகிறது. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சுழற்றும் விசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். பளு தாங்காமல் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், அதன் கம்பிச்சுருளான காயில் கருகும். பிறகு செம்புக் கம்பியில் புதிதாகக் காயில் கட்ட வேண்டும்.

அண்மையில் அரசு மானியத்துடன் சூரியசக்தி பம்புசெட்டுகளும் வந்துள்ளன. அவற்றிலும் தண்ணீரை மேலேற்றுவது இதே காந்தவிசைதான்.