கீழூரில் 178 பேர்

விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போனால் மதகடிப்பட்டு புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, அரியூர் மறுபடி புதுச்சேரி. இந்தத் துண்டு வரைபடத்தைப் பார்க்காமல் பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு இணைந்த கதை புரியாது. தேசபக்தி இருந்தது, சரி. ஆனா அது மட்டும் போதும்னா 1947-லேயே முடிஞ்சிருக்கணுமே?

முதலில் கிளம்பியது மில் தொழிலாளர்கள். 1936 ஜூலை 30 துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் செத்தார்கள், வ. சுப்பையாவின் அரசியல் பலம் அந்தத் தொழிற்சங்கம்தான். 1949-ல் சுங்க ஒப்பந்தம் முடிந்ததும் சுற்றியிருந்த தென்னார்க்காட்டு எல்லையெல்லாம் சுங்கச் சாவடி. பக்கத்து ஊருக்குச் சரக்கு கொண்டுபோறதே அந்நிய வியாபாரம் ஆச்சு. அதுவரை பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்ற எதுவார் குபேர், 1954 மார்ச்சில் அணி மாறி, நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்தார். லட்சியத்தைவிட காற்று எந்தப் பக்கம் அடிக்குதுன்ற கணக்குதான் அதில் அதிகம் என்பது என் அபிப்பிராயம். மே மாதம் வியட்நாமில் தியன் பியன் பூ விழுந்தது. பாரிஸுக்கும் பிடிவாதம் தளர்ந்தது.

அக்டோபர் 18, கீழூர். வாக்களித்தவர்கள் 178 பிரதிநிதிகள்: ஆதரவு 170, எதிர்ப்பு 8. சந்திரநாகூரில் 1949-ல் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். இங்கே அந்த வாய்ப்பு மக்களுக்குக் கிடைக்கவில்லை. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16 வரை அது பிரெஞ்சு மண்தான்.