தொலைக்காட்சி வரலாறு: நம் கையிலிருக்கும் சான்றுகள்



நாம் கூடியிருக்கும் இந்த இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது. இன்றைக்கு அதன் பெயர் அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பர் 17ஆம் தேதி கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகம் அங்கேதான் தொடங்கப்பட்டது. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2006இல் அதே செப்டம்பர் மாதத்தில், அந்தக் கட்சியின் அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. ராயபுரத்துக் குடிசைகளில் தொலைக்காட்சி எப்படி நுழைந்தது என்று எழுதப் புகுகிறவர் இந்த இரண்டாவது தேதியைத் தொடாமல் எழுத முடியாது.

அப்படி எழுதப் புகுந்த ஒரு மாணவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தார். முதுகலை ஆய்வேடு. வடசென்னை சேரிகளும் குப்பங்களும் தொலைக்காட்சியை எப்படி எதிர்கொண்டன என்பது தலைப்பு. இணையத்தில் தேடி முப்பது பக்கம் எடுத்து வைத்திருந்தார். படித்துப் பார்த்தேன். முப்பதிலும் ஒரே செய்தி: சென்னை தேனாம்பேட்டையில் நடந்த ஒரு பொருட்காட்சியில் பி. சிவகுமாரன் என்னும் மின்பொறியியல் மாணவர், ஓர் எழுத்தைக் கேதோடு கதிர்க் குழாயின் திரையில் தெரியச்செய்து காட்டினார். 1950 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் அதைச் செய்தியாக்கியது. அதன்பின் 1959 டெல்லி, அதன்பின் வண்ணம், அதன்பின் கேபிள். முடிந்தது வரலாறு.

சிவகுமாரனின் செய்தி பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் முப்பது பக்கங்கள் இருந்தாலும் சான்று ஒன்றுதான், ஒரு நாளேட்டின் ஒரு செய்தி. ஒருவர் அதைப் பார்த்து எழுதினார், மற்ற இருபத்தொன்பது பேர் அவரைப் பார்த்து எழுதினார்கள். இணையத்தில் ஒரு தகவல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணுவதில் பயனில்லை. முதலில் எங்கே இருந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் ஒரு தேதியிட்ட தாள் இருக்கிறதா, இல்லையா?

‘முதல்’ என்ற சொல் வருகிற இடத்தில் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பிரிட்டன்காரர்கள் 1926 ஜனவரி 26இல் லண்டன் சோஹோ பகுதியில் செய்துகாட்டிய ஜான் லோகி பேர்டைச் சொல்வார்கள். அமெரிக்கர்கள் 1927 செப்டம்பரில் மின்னணு முறையில் படத்தை அனுப்பிய ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தைச் சொல்வார்கள். ஜப்பானியர் 1926 டிசம்பர் 25இல் ஒரு ஜப்பானிய எழுத்தைத் திரையில் காட்டிய கென்ஜிரோ தகாயனகியைச் சொல்வார்கள். எல்லோரும் தத்தம் வகையில் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த வலைத்தளம் யாருடையது என்று பார்க்காமல் எடுத்தாண்டால் நாம் ஏதோ ஒரு நாட்டின் பெருமையைச் சுமந்து வந்துவிடுவோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு ஐம்பத்தோரு நாள்தான் ஆகியிருந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அடுத்த ஜனவரி 31இல் மாநில அரசே கலைக்கப்பட்டது. அதாவது சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தபோது அதில் சொல்லக்கூடாதவை எவை என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. இணையத்தில் உலவும் ‘ஒளியும் ஒலியும்’, ‘வயலும் வாழ்வும்’, ‘எதிரொலி’ நினைவுக் கட்டுரைகளில் இந்தப் பின்னணியைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. அந்தக் கட்டுரைகள் இனிமையானவைதான். ஆனால் அவை பெரும்பாலும் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களின் நினைவுகள்.

வெளியே நின்று பார்த்தவர்களின் நினைவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை மாலை ஒரு வீட்டு ஜன்னலில் பத்துத் தலைகள் தெரியும். அதில் ஒரு தலை என்னுடையது. சில வீடுகளில் நாலணா வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். சில வீடுகளில் காசு கொடுத்தாலும் நம் பிள்ளைகளை நடையோடு நிறுத்திவிடுவார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். நமக்குத் தெரியும். இது வாய்மொழிச் சான்று. இதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் இதையும் சோதிக்க வேண்டும். 1984 நவம்பர் 3இல் இந்திரா காந்தியின் இறுதிச் சடங்கை வண்ணத்தில் பார்த்ததாகப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அக்காதான் திருத்தினாள்: எங்கள் தெருவில் அன்றைக்கு இருந்தது கறுப்பு வெள்ளை டயனோரா. பிற்பாடு பத்திரிகைகளில் பார்த்த வண்ணப் படங்களை என் மனம் அந்தப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டது. ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கேளுங்கள். முடிந்தால் ஒரு பெண்ணிடம் கேளுங்கள். எந்தப் பெட்டி எந்தத் தவணையில் வந்தது, கடைசித் தவணை எப்போது கட்டினோம் என்பது அவர்களுக்குத்தான் நினைவிருக்கும்.

எழுத்துச் சான்றுகள் பக்கம் வருகிறேன். இங்கிலாந்தில் 1923 முதலான ‘ரேடியோ டைம்ஸ்’ இதழ்களின் நிகழ்ச்சிப் பட்டியலை பிபிசி ‘ஜீனோம்’ என்ற பெயரில் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. எந்த நாள், எந்த நேரம், என்ன ஒளிபரப்பானது என்று தேடிவிடலாம். சென்னைக்கு அப்படி ஒன்று கிடையாது. நமக்கு நாளேடுகளில் அன்றாடம் வந்த ‘இன்றைய தொலைக்காட்சி’ என்ற சிறு கட்டம்தான் கதி. அதற்கு நூலகத்துக்குப் போய்ப் பழைய தாளைப் புரட்ட வேண்டும். பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகம் பழைய நிகழ்ச்சிகள் சிலவற்றை யூடியூபில் வெளியிடுகிறது. அங்கும் ஒரு சிக்கல் உண்டு: அதே நிலையம் மெட்ராஸ் தூர்தர்ஷன், டிடி 5, பொதிகை, 2024 முதல் டிடி தமிழ் என்று பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எல்லாப் பெயரிலும் தேடுங்கள். நாடாவின் விலை அதிகம் என்பதால் பதிவை அழித்துவிட்டு மேலே மறுபடி பதிவு செய்வது அன்று உலக வழக்கம், பிபிசியே செய்தது. ஆகவே இணையத்தில் கிடைக்கவில்லை என்பதால் ஒன்று ஒளிபரப்பாகவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

அண்ணல் அம்பேத்கர் விஷயத்தில் நம் தோழர்களே அடிக்கடி தவறுகிறார்கள். 1955இல் காந்தியைப் பற்றி அவர் பிபிசிக்கு அளித்த பேட்டி வானொலிப் பேட்டி. குரல் மட்டும்தான் உண்டு. யாரோ அதன்மேல் புகைப்படங்களை ஓட்டி ‘தொலைக்காட்சிப் பேட்டி’ என்று ஏற்றிவிட்டார்கள், நாமும் பகிர்கிறோம். ஆனால் இந்தியாவில் ஜனநாயகம் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லும் துண்டுப் படம் வேறு. அதை 1953ஆம் ஆண்டினது என்று பிபிசி குறிப்பிடுகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி மேற்கோள் காட்டினால், நம்மை மறுக்கக் காத்திருப்பவர்களுக்கு நாமே வேலையைச் சுலபமாக்கிவிடுகிறோம்.

இன்னொரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ ஞாயிறுதோறும் ஓடியது. தெருக்கள் வெறிச்சோடின, பெட்டிக்கு மாலை போட்டார்கள் என்ற கதைகள் எல்லாத் தளங்களிலும் உண்டு. எளிதில் கண்ணில் படாதது இது: பட்டாபிஷேகத்தோடு தொடர் முடியப்போகிறது, உத்தர காண்டம் கிடையாது என்று தெரிந்ததும் பஞ்சாபின் ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகியைத் தம் முன்னோராகக் கொண்டாடும் மக்கள். சீதைக்கு வால்மீகி அடைக்கலம் கொடுப்பது உத்தர காண்டத்தில்தான். வேலைநிறுத்தம் வட இந்திய நகரங்கள் பலவற்றுக்குப் பரவியது. குப்பை தேங்கி நோய் பரவுமே என்ற பயத்தில் அரசு இறங்கிவந்து மேலும் பகுதிகளுக்கு ஏற்பாடு செய்தது. பவுலா ரிச்மன் 1991இல் தொகுத்த ‘மெனி ராமாயணாஸ்’ நூல் இந்தச் சம்பவத்தோடுதான் தொடங்குகிறது.

பெரியாரைப் படித்த நமக்கு இது சங்கடமான செய்தி. சம்பூகன் தலை வெட்டப்படுவதும் அதே உத்தர காண்டத்தில்தானே! அதற்காகவா வேலைநிறுத்தம் என்று கேட்கத் தோன்றும். நான் அப்படிப் பார்க்கவில்லை. அரசாங்கத்தின் தொலைக்காட்சியில் எது வர வேண்டும் என்பதைத் துடைப்பத்தைக் கீழே வைத்துத் தீர்மானித்தவர்கள் அவர்கள். இந்தியத் தொலைக்காட்சி வரலாற்றில் தலித் உழைப்பாளர்கள் இவ்வளவு நேரடியாகத் தலையிட்ட வேறொரு நிகழ்வை நான் அறியேன்.

இலவசத் தொலைக்காட்சிக்குத் திரும்புகிறேன். ‘ஓட்டுக்கு டிவி’ என்ற ஏளனம் இணையமெங்கும் கொட்டிக்கிடக்கிறது. ஏளனம் செய்தவர்கள் வீட்டில் அதற்கு முன்பே டிவி இருந்தது என்பது வேறு விஷயம். ஆய்வு மாணவர்களுக்குத் தேவை எண்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டு வசதி அட்டவணைகளை இலவசமாகவே பதிவிறக்கலாம். 2001இல் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் 39.5 சதவீதத்திடம் தொலைக்காட்சி இருந்தது, 2011இல் சுமார் 87. அதே 2011இல் இந்திய அளவு 47தான். பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குத் தனி அட்டவணையே இருக்கிறது. நம் மாணவர்கள் முதலில் திறக்க வேண்டியது அதை.

அடுத்தது நீதிமன்றத் தீர்ப்பு. சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலை 5இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பதைச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை என்று கொள்ள முடியாது என்று சொன்ன தீர்ப்பு. முடிவைவிட நமக்குப் பயன்படுவது அதன் முற்பகுதி. பெட்டியின் அளவு, பட்ஜெட்டில் ஒதுக்கிய 750 கோடி ரூபாய், கொள்முதலை எல்காட் நிறுவனத்திடம் ஒப்படைத்தது எல்லாம் அங்கே வரிசையாக உண்டு. பத்து வலைப்பதிவுகள் தராத விவரத்தை ஒரு தீர்ப்பு தருகிறது, அதுவும் இரு தரப்பு வழக்கறிஞர்களும் சல்லடை போட்ட விவரம். நாடாளுமன்றக் கேள்வி பதில்களும் இதே போலத்தான். நாடாளுமன்ற மின்நூலகத்தில் தொலைக்காட்சி என்று தட்டிப் பாருங்கள். உரிமக் கட்டணம், மொழிவாரி நேர ஒதுக்கீடு என்று உறுப்பினர்கள் கேட்டவையும் அமைச்சர்கள் மழுப்பியவையும் கிடைக்கும்.

இத்தனையும் இருந்தும் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பற்றி அவற்றில் அதிகம் இல்லை. அது நம்மிடம்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற கறுப்பினப் பெண் இருந்தார். நூலகர், இடதுசாரி. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து 2012இல் இறக்கும் வரை வீட்டில் பல டெக்குகளை வைத்துத் தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிவு செய்தார். சுமார் 70,000 கேசட்டுகள். நிலையங்களே பாதுகாக்காத பலவும் அதில் உண்டு. இப்போது அவை இன்டர்நெட் ஆர்க்கைவ் வசம் இருக்கின்றன. நமக்கும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ 1907 முதல் வெளிவந்த இதழ். அரசு நூலகங்களை நம்பியிருந்தால் இன்று நமக்கு அவர் இல்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தேடிச் சேர்த்துக் காத்த தாள்களிலிருந்துதான் அவர் திரும்பி வந்தார்.

எண்பதுகளில் பர்மா பஜாரில் டெக் வாங்கியவர்கள், வாடகைக்கு விட்டவர்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர். தொண்ணூறுகளில் தெருவுக்கொரு கேபிள்காரர் இருந்தார். ஏப்ரல் 14 ஊர்வலத்தையும், கால்பந்து ஆட்டத்தையும், குத்துச்சண்டையையும் படமெடுத்து அன்றிரவே உள்ளூர்ச் சேனலில் போட்டார்கள். எந்த நிலையமும் வராத இடத்துக்கு அவர்களின் கேமரா வந்தது. அந்தக் கேசட்டுகள் இன்னமும் பரணில் கிடக்கின்றன; கடற்காற்று அவற்றைத் தின்றுகொண்டிருக்கிறது.

அவற்றைத் தேடிப் போகும் மாணவர்களுக்கு: கேசட்டைக் கையில் வாங்கியதும் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படமெடுங்கள், தேதியும் பெயரும் அதில்தான் இருக்கும். யார் எடுத்தார், யார் வீட்டில் கிடைத்தது என்று அன்றே எழுதிவையுங்கள். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அதில் தெரிபவர்களின் குடும்பத்தாரிடம் சம்மதம் கேளுங்கள். டெக்கில் போடும் முன்பு மூடியைத் தூக்கி நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போடாதீர்கள். டெக்கின் ஹெட் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும்.