துயருற்ற உள்ளத்திற்கு ஒரு கிண்ணம் கஞ்சி

தம் குடும்பத்தில் ஒருவர் மரணித்து, கூடியிருந்த பெண்கள் கலைந்து சென்று, வீட்டாரும் நெருங்கியவர்களும் மட்டுமே எஞ்சியிருக்கும் வேளையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பானையில் தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். அது வாற்கோதுமைக் கஞ்சி. நோயாளியின் இதயத்திற்கு அது இதமளிக்கும், கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டதாக அன்னையார் அறிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. துயருற்றவரிடம் பொறுமையைப் போதிப்பதோடு நில்லாமல், அவருடைய பசியையும் கவனிப்பதே அங்கு கருணையாக இருந்தது.

உள்ளமும் உடலும் கொண்ட இவ்வுறவை விரிவாக ஆராய்ந்தவர், 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி. 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் தம் நூலின் முதற்பகுதியில் உடல்நலத்தையும், இரண்டாம் பகுதியில் உளநலத்தையும் பேசினார். உடல் நலிந்தால் சிந்தனை தளரும். உள்ளம் நலிந்தால் உடல் இன்பத்தை இழந்து, நாளடைவில் தானும் நோயுறும் என்றார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்னும் நான்கையும் தனித்தனியே விளக்கினார். உடல்நோய் சிலரை நெடுங்காலம் தீண்டாதிருக்கலாம். உள்ளத்தின் வருத்தமோ எவரையும் விட்டுவைப்பதில்லை என்பதும் அவர் கருத்து. அத்தகையவருக்குப் பரிவோடு பேசும் ஒருவரின் சொல்லையும் அவர் சிகிச்சையாகவே கருதினார்.

இத்தகைய மரபுக்கு உரியவர்கள் மறக்கக்கூடாத நாள் 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கு விட்டுச்சென்ற குடும்பங்கள் பலவும் நேசத்தோடும் நம்பிக்கையோடுமே வந்தவை. ஆனால் நோயை நோயென்று அறியாத நேசம் அவர்களைக் காக்கவில்லை. பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே துஆவோடு மருத்துவமும் கிடைக்க வழி செய்யப்பட்டது. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடைசெய்தது.

நம் சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் கீழ்ப்பாக்கத்தை அடையலாம். 1794இல் தொடங்கப்பட்ட மனநலக் காப்பகம் இன்று அரசு மருத்துவமனையாக அங்கு இயங்குகிறது. எனினும், ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் பல குடும்பங்களைத் தடுத்துவிடுகிறது. உறக்கமிழந்து, உணவை வெறுத்து ஒதுங்கும் ஒருவரை 'ஈமான் குறைந்தவர்' என்று பழிப்பது நபிவழியன்று. அவரருகே அமர்ந்து உண்ணச் செய்வோம், அவர் பேசுவதைக் கேட்போம், துஆ செய்வோம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம்.

நோயுற்ற உள்ளங்களுக்கு அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக! ஆமீன்.