தொலைந்த படமும் எஞ்சிய கருத்தும்: 'விகதகுமாரன்' பார்வையாளர்கள் குறித்துச் சில சிந்தனைகள்

அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி நண்பர்கள் போகிறபோக்கில் எழுதும் நான்கைந்து வரிகளை விரும்பிப் படிப்பவன் நான். 'முதல் பாதி விறுவிறுப்பு, இடைவேளைக்குப் பின் இழுவை' என்ற அளவிலேயே அவை முடிந்துவிடும். இவற்றையெல்லாம் வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்று ஆய்வு மாணவர் சிலர் கேட்கின்றனர். கொள்ளலாம் என்பதே என் விடை. ஆனால் எவருடைய கருத்து எஞ்சியது, எவருடையது பதிவின்றிப் போயிற்று என்னும் வினாவையும் உடன் எழுப்ப வேண்டும். திருவனந்தபுரத்தின் திரைப்பட வரலாறே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரனை' உருவாக்கிய ஜே. சி. டேனியல் அகத்தீசுவரத்தைச் சேர்ந்த தமிழர். குடும்ப நிலத்தை விற்றுத் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். படம் திருவனந்தபுரம் கேபிடல் திரையரங்கில் வெளியானது. வெளியான நாளை 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். பின்வந்த ஆய்வாளர் பலர் 1930 அக்டோபர் 23 என்கின்றனர். புராணக் கதைகளே பெரிதும் படமான காலத்தில் டேனியல் எடுத்துக்கொண்டது சமூகக் கதை. திருவிதாங்கூரிலிருந்து கடத்தப்பட்ட ஒரு சிறுவன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வளர்வதே அதன் மையம்.

நாயகி சரோஜினியாக நடித்தவர் பி. கே. ரோசி. புலையர் சமூகத்தில் பிறந்தவர். தமிழும் மலையாளமும் கலந்து நடிக்கப்படும் காக்காரிசி நாடகத்தில் பயிற்சி பெற்றவர். படத்தில் அவர் ஏற்றதோ நாயர் குலப் பெண்ணின் வேடம். அவர் கூந்தலில் சூடிய பூவை நாயகன் முத்தமிடும் காட்சி வந்தபோது அரங்கில் கூச்சல் எழுந்தது என்றும், திரையின் மீது கற்கள் வீசப்பட்டன என்றும் வரலாறுகள் கூறுகின்றன. ரோசியின் வீடும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அவர் ஊரைவிட்டு வெளியேறினார். நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார்.

அப்படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. ஒளிப்பதிவு எப்படி, நடிப்பு எப்படி என்று நம்மால் சொல்ல இயலாது. எஞ்சியிருப்பது அதைப் பார்த்தோர் ஒருசாராரின் கருத்து மட்டுமே. அதுவும் சொல்லால் அமையாமல் கல்லால் அமைந்த கருத்து.

இதனுடன் ஒப்பிடத்தக்கது 1933ஆம் ஆண்டின் 'மார்த்தாண்ட வர்மா'. டேனியலின் உறவினரான நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த படம் இது. நாவலின் பதிப்புரிமை குறித்துக் கமலாலயா புத்தக நிலையம் தொடுத்த வழக்கால் படம் வெளியான சில நாளிலேயே முடக்கப்பட்டது. அவ்வாறு முடங்கிக் கிடந்ததாலேயே பிரதி அழியாமல் தப்பி, பின்னர்ப் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சென்றடைந்தது. மக்கள் பெரிதும் பார்க்காத படம் நம்மிடம் உள்ளது. அதைப் பற்றிப் பார்வையாளர் கொண்ட கருத்து இல்லை. 'விகதகுமாரன்' விஷயத்தில் கருத்து உள்ளது, படம் இல்லை.

அக்காலத்தில் படங்களைப் பற்றிய கருத்துகளைத் திரட்டும் முயற்சியே நடைபெறவில்லை என்று எண்ணிவிட வேண்டா. 1927இல் பிரித்தானிய இந்திய அரசு சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இந்தியத் திரைப்படக் குழுவை அமைத்தது. அக்குழு 4,325 வினாப்பட்டியல்களை அனுப்பி 1,491 விடைகளைப் பெற்றது. 353 சாட்சிகளை விசாரித்தது. இன்றும் ஆய்வாளர்க்குப் பொற்சுரங்கமாக விளங்கும் தொகுப்பு அது. எனினும் அதில் மிகுதியாகப் பேசுவோர் அதிகாரிகள், கல்வியாளர், திரைத்தொழில் சார்ந்தோர், ஊர்ப் பெரியோர். பாமரப் பார்வையாளன் எதைக் கண்டு மயங்குவான், எதனால் கெடுவான் என்று அவனுக்காக இவர்களே விடை எழுதினர். தரை வகுப்பில் அமர்ந்து படம் பார்த்தவனின் சொல் அரிதாகவே கேட்கிறது.

இவ்விடத்தில் கல்லாற்றை நினைத்துப் பார்க்கலாம். நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடி செல்லும் வழியில் உள்ள மலையடிவார ஊர் அது. காணிக்காரர் வாழும் காடும் தேயிலைத் தோட்டங்களும் அதைச் சூழ்ந்த மலைகளில் உள்ளன. தோட்டக் கூலியாக வளர்ந்த சிறுவனின் கதையைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் ஒருவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 'விகதகுமாரன்' பற்றி எழுதுவோர் இவ்வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. கேபிடல் அரங்கில் எழுந்த கூச்சலையே 'மக்களின் எதிர்வினை' என்று எழுதிவிடுகிறோம். கோயில் நுழைவுப் பிரகடனம் 1936இல்தான் வந்தது. அதற்கு முந்தைய திருவிதாங்கூரில் துணிந்து கல்லெறியக் கூடியவர் எவர், வாய் திறக்கவும் அஞ்சியவர் எவர் என்பதைப் பிரித்துணராமல் 'மக்கள்' என்ற சொல்லை ஆள்வது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. தம் படத்தைப் பற்றி ரோசி என்ன எண்ணினார் என்பதும் அவ்வரலாறுகளில் இடம்பெறுவதில்லை.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் போன்ற இதழாளர்கள் டேனியலின் வாழ்வைத் தேடி எழுதினர். 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'சித்ரலேகா' திரைப்படச் சங்கம், பார்த்த படத்தை அமர்ந்து விவாதிக்கும் பழக்கத்தை வளர்த்தது. டேனியல் பெயரால் 1992 முதல் கேரள அரசு விருது வழங்கிவருகிறது. 2013இல் கமல் இயக்கிய 'செல்லுலாய்ட்' அவர் கதையையும் ரோசியின் கதையையும் திரைக்குக் கொணர்ந்தது. ரோசியின் பெயரால் இன்று சென்னையில் திரைப்பட விழா நடைபெறுகிறது.

இன்று கருத்துக்குப் பஞ்சமில்லை. மாறாக, அதன் மிகுதியே வழக்காகிறது. எதிர்மறை விமர்சனங்கள் படங்களைத் திட்டமிட்டு வீழ்த்துகின்றன என்ற முறையீடு கேரள உயர்நீதிமன்றத்தை அடைந்தது. படம் வெளியாகி 48 மணி நேரம் வரை இணைய விமர்சகர்கள் பொறுத்திருக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்குரைஞர் 2024 மார்ச்சில் பரிந்துரைத்தார். அதே ஆண்டு டிசம்பரில், தமிழ்த் தயாரிப்பாளர்கள் கோரிய தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலமாக வழங்க மறுத்தது. பணம் பெற்றுக்கொண்டு பழிப்பதும் புகழ்வதும் நடைபெறுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், யார் பேசலாம், எப்போது பேசலாம் என்று வரையறுக்க முற்படும்போதெல்லாம் முதலில் வாயடைபடுவோர் எவர் என்பதை மேற்கண்ட வரலாறு உணர்த்துகிறது. கூலிக்கு எழுதுபவருக்கு வேறு வழிகள் உண்டு. தோழியோடு படம் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்பும்போது நான்கு வரி எழுதும் கல்லூரி மாணவிக்கு அந்த நான்கு வரிதான் உண்டு.

ஆகவே ஆய்வு மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் களப்பணி செய்யும் ஊரில், முதியோரிடம் அவர்கள் பார்த்த படங்களைப் பற்றிக் கேளுங்கள். எந்த அரங்கு, யாருடன் சென்றனர், எந்த வகுப்பில் அமர்ந்தனர், வீடு திரும்பியதும் என்ன பேசிக்கொண்டனர் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'நல்ல படம்' என்று ஒரே சொல்லில் முடித்தாலும், சொன்னவரின் வயதோடும் ஊரோடும் அதைப் பதியுங்கள். கேபிடல் அரங்கில் கல்லெறியாமல் அமர்ந்திருந்தவர்களிடம் அன்று அப்படி எவரேனும் கேட்டிருந்தால், மலையாளத் திரையின் முதற்பக்கத்தை நாம் வேறுவிதமாக எழுதியிருப்போம்.